சிறு காற்றாலைக்கு இன்வேட்டர் தெரிவு செய்தல்: முதலில் மின்கம்பியை அளவிடுங்கள்

நுவரெலியா, அப்புத்தளை போன்ற இடங்களில் 3 முதல் 5 கிலோவாற் வரையிலான காற்றாலையை நிறுவி வீட்டு மின்னிணைப்போடு சேர்க்க விரும்புவோருக்கான விளக்கம் இது. காற்றளவீடு, கோபுரம் நடுதல், விநியோக நிறுவனத்தின் அனுமதி ஆகியவற்றைத் தவிர்த்துவிடுகிறேன். நிரந்தரக் காந்த மின்பிறப்பாக்கியின் மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் காற்றோடு ஏறி இறங்குவதால், அதன் மின்னைச் சீராக்கியால் நேரோட்டமாக்கி, பின்னர் இன்வேட்டரால் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டமாக்குகிறோம் என்பது தெரிந்திருந்தால் போதும்.

முதற்படி: கம்பியின் தடையை அறிதல்

பலரும் விலைப்பட்டியலிலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் உங்கள் வீட்டுக்கு வரும் கம்பிதான். தோட்டங்களில் ஒரே ரான்ஸ்போமரிலிருந்து நீண்ட தாழ்வழுத்தக் கம்பி பல லயங்களுக்குச் செல்வதால், அதன் கடைசியில் இருப்பவர் மின்னைத் திருப்பி அனுப்பும்போது அவருடைய இடத்திலேயே அழுத்தம் உயர்ந்துவிடுகிறது.

அளக்கும் முறை எளியது. வீட்டிலுள்ள எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இன்வேட்டர் பொருத்தப்போகும் இடத்தில் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் 2 கிலோவாற் கேத்தலைப் போட்டு, அழுத்தத்தையும் கம்பியைச் சுற்றிக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீற்றரில் மின்னோட்டத்தையும் பாருங்கள். 228 வோல்ற் 221 ஆக இறங்கி, மின்னோட்டம் 8.5 அம்பியராக இருந்தால், 7ஐ 8.5 ஆல் வகுக்க 0.82 ஓம் கிடைக்கும். அயலாரின் பாவனையும் அழுத்தத்தை அசைக்கும் என்பதால் பல தடவை அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 5 கிலோவாற் என்பது 230 வோல்ற்றில் ஏறத்தாழ 21.7 அம்பியர், 0.82 ஓமில் அது 17.8 வோல்ற் உயர்வைத் தரும். 228 வோல்ற் 246 ஆகிவிடும். இலங்கையில் வீட்டு மின்னழுத்தம் 230இலிருந்து 6 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்ற நெடுநாள் விதியை எடுத்துக்கொண்டால் மேல் எல்லை 243.8 வோல்ற் ஆகும். அந்த எல்லைக்கு அமைத்த இன்வேட்டர் தானாகவே துண்டித்துக்கொள்ளும். 3 கிலோவாற் என்றால் உயர்வு 10.7 வோல்ற் மட்டுமே. பகலில் அது பொருந்தும்.

இரவில் பொருந்துமா என்பதே அடுத்த கேள்வி, ஆனால் இதை எந்தக் கையேடும் அழுத்திச் சொல்வதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று நள்ளிரவிலும் வீசும். அந்நேரம் லயங்களில் விளக்குகள் அணைந்திருப்பதால் அடிப்படை அழுத்தமே 236 ஆக இருக்கலாம். அப்படியானால் மிச்சம் 7.8 வோல்ற், அதாவது 2.2 கிலோவாற்றுக்கே இடமுண்டு. ஆகையால் அளவீட்டை இரவு பதினொரு மணிக்குப் பிறகும் செய்யுங்கள். எதிர்வினைத் திறனை (வேலை செய்யாமல் கம்பியில் வந்துபோகும் திறனை) உறிஞ்சும் வசதியுள்ள இன்வேட்டர் இதைத் தீர்க்கும் என்று விற்பனையாளர்கள் கூறுவார்கள். 33 கிலோவோல்ற் கம்பியில் அது பயன் தரும், தடையே மிகுந்திருக்கும் தாழ்வழுத்தக் கம்பியில் பெரும் பயன் தராது. மீற்றர் பெட்டியிலிருந்து இன்வேட்டர் வரையுள்ள நம் கம்பியைத் தடிப்பாக்குவதும், ஏற்றுமதிக்கு எல்லை வைத்து மீதியை நீர்ச்சூடாக்கிக்குத் திருப்புவதும் அதைவிட மலிவானவை.

இரண்டாம் படி: தெரிவு

சூரிய மின்கலங்களுக்கான இன்வேட்டரை நான் பரிந்துரைப்பதில்லை. அது உச்சத் திறனைத் தேடித் தேடி மெதுவாக நகரும். காற்று அதற்குள் மாறிவிடும். சுழற்சிக்கேற்பத் திறன் அட்டவணையைப் பதிவுசெய்ய இடமளிக்கும் காற்றாலை இன்வேட்டரையே வாங்குங்கள்.

நேரோட்ட உள்ளீட்டின் உச்ச வரம்பையும் பாருங்கள். மின்பிறப்பாக்கி சுமையின்றி நிமிடத்துக்கு 200 சுற்றில் 250 வோல்ற் தருமானால், 300 சுற்றில் 375 தரும். சீராக்கிக்குப் பின் சுமையில்லாத நிலையில் அதை 1.41 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 530 வோல்ற். 500 வோல்ற் வரம்புள்ள பெட்டி அங்கே எரிந்துவிடும்.

இதனோடு சேர்ந்ததே சுமைத்தடை, அதாவது போக்கிடமற்ற மின்னை வெப்பமாக்கும் தடை. புயலில் ஊர் மின் போனதும் இன்வேட்டர் சட்டப்படி விலகும். பிடித்துவைக்கச் சுமை இல்லாத காற்றாலை கட்டுமீறிச் சுழலும். ஆகவே முழுத் திறனையும் தாங்கும் தடையும், ஊர் மின்னை நம்பாமல் நேரோட்ட அழுத்தத்தைக் கொண்டே அதை இயக்கும் ஆளியும் கட்டாயம்.

மூன்றாம் படி: தரத்தைச் சோதித்தல்

உண்மை ஆர்எம்எஸ் (அலை எந்த வடிவில் இருந்தாலும் சரியான பயனுறு மதிப்பு) காட்டும் மீற்றர் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். ஹார்மோனிக்ஸ், அதாவது 50 ஹேர்ட்ஸின் மடங்குகளில் கலக்கும் அலைகள், அவற்றின் சதவீதம் காற்று குறைந்த நேரத்தில் பெரிதாகத் தெரியும். அடிப்படை மின்னோட்டம் சிறிதாக இருப்பதே பெரும்பாலும் காரணம். அம்பியர் கணக்கைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். விளக்குச் சிமிட்டல் வேறு விடயம்: காற்றாலையின் மூன்று இறக்கைகள் நிமிடத்துக்கு 180 சுற்றில் சுழன்றால், கோபுரத்தைக் கடக்கும் அதிர்வு வினாடிக்கு 9 தடவை வரும், கண் மிக எளிதில் உணர்வது ஏறத்தாழ அந்த அதிர்வெண்ணைத்தான். நேரோட்டப் பக்கத்தில் போதிய கொள்ளளவி (கப்பாசிற்றர்) இருந்தால் அது தணியும்.

பின்சேர்க்கை: 3 கிலோவாற் காற்றாலை ஏன் குறைவாகத் தருகிறது என்று நுவரெலியா வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். 1,868 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 20 சதவீதம் குறைவு. அதே வேகத்துக்குத் திறனும் அவ்வளவு குறையும். மெல்லிய காற்று இன்வேட்டரையும் சரியாகக் குளிர்விக்காது. 1,000 மீற்றருக்கு மேல் திறனை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது தரவுத்தாளில் இருக்கும். அந்த வரி இல்லாத தரவுத்தாளை விற்பனையாளரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.