கீரை கடையும் மத்தைக் கடைவது

கட்டையைச் சுழலவிட்டு உளியால் செதுக்கும் கடைசல் எந்திரத்தில் (லேத்) மத்து செய்வோம். முதலில் மரம். இழை நெருக்கமாகவும் துளைகள் மிக நுண்ணியதாகவும் இருக்க வேண்டும். பீச், மேப்பிள் இரண்டும் பொருந்தும். சிங்கப்பூர்ச் சாலையோரம் வெட்டிப்போட்ட தூங்குமூஞ்சிக் கட்டையைக் கண்டால் கை பரபரக்கும். மத்துக்கு அது வேண்டாம். அதன் துளைகள் பெரியவை, கீரைச்சாறு உள்ளே தங்கி வாடை வரும். பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) பலகையையும் தொடாதீர்கள்: 'எம்பி' (MB) முத்திரை என்றால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது, முத்திரை எதுவானாலும் பலகைமேல் என்ன கொட்டியதோ யாருக்குத் தெரியும்.

கட்டை 65 மி.மீ. சதுரம், 340 மி.மீ. நீளம். இழை நீளவாக்கில் ஓட வேண்டும். மரத்தின் மையக்குருத்து கட்டைக்குள் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள், வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும்.

இரு முனையிலும் மூலைக்கு மூலை கோடிட்டு மையம் குறியுங்கள். கட்டையைக் கவ்விச் சுழற்றும் பல்முனையான ஸ்பர் சென்டரை எந்திரத்திலிருந்து கழற்றி, மையத்தில் வைத்துக் கொட்டாப்புளியால் அடித்துப் பதியுங்கள். எந்திரத்தில் வைத்தே அடித்தால் பேரிங் கெடும். மத்தின் தலையாகப் போகும் முனை, கட்டையைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக் பக்கம் வரட்டும்; மறுமுனையை டெயில்ஸ்டாக் தாங்கும். உளிதாங்கியை 5 மி.மீ. இடைவெளியில் நிறுத்தி, கட்டையைக் கையால் ஒரு முழுச்சுற்று சுற்றிப் பாருங்கள். முகம் முழுதையும் மறைக்கும் கண்ணாடிக்கவசம் கட்டாயம். கையுறை, தொங்கும் சட்டைக்கை ஆகவே ஆகாது.

நிமிடத்துக்கு 800 சுற்று வேகத்தில் அகல நகவுளியால் (நகம்போல் வளைந்த உளி) மூலைகளைத் தட்டுங்கள். முனைக்கு அருகே தொடங்கி, வெளிநோக்கியே இழுங்கள். நடுவில் ஆரம்பித்தால் நீளச் சிராய் பிய்ந்து பறக்கும். 'டக் டக்' ஓசை அடங்கிச் சீரான 'ஸ்ஸ்' வந்தால் கட்டை உருண்டுவிட்டது. இனி 1,500 சுற்று.

தலை 60 மி.மீ. விட்டம், 70 மி.மீ. நீளம். பிடி 230 மி.மீ. நீளம், மெலிந்த இடத்தில் 24 மி.மீ.; டெயில்ஸ்டாக் முனையிலிருந்து தலையை நோக்கிக் கடையுங்கள். இரு முனையிலும் 20 மி.மீ. கழிவுக்கு. பிடியில் திருகுபோல வரி விழுந்தால் கட்டை அதிர்கிறது: உளி மழுங்கியிருக்கும், அல்லது டெயில்ஸ்டாக்கை அளவுக்கு மீறி இறுக்கியிருப்பீர்கள்.

கழுத்துதான் கவனம் கேட்கும் இடம். செங்கோணமாக வெட்டினால் கீரை அந்த மூலையில் ஒட்டும், அழுத்தும்போது முறிவதும் அங்கேதான். 10 மி.மீ. நகவுளியால் வளைந்த குழிவாக இறக்குங்கள். இடமிருந்து பள்ளம்வரை ஒரு வெட்டு, வலமிருந்து பள்ளம்வரை ஒரு வெட்டு. பள்ளத்தைத் தாண்டி எதிர்ச்சரிவில் ஏறினால் உளி இழையைக் கொத்தித் தூக்கும். ஒரு நொடியில் கழுத்து போய்விடும்.

உளிதாங்கியை எடுத்துவிட்டு, தூசிக்கவசம் அணிந்து, 120, 180, 240 உப்புத்தாள். பிறகு ஈரத்துணியால் துடைத்து இரவு முழுதும் காயவிடுங்கள். எழும்பிய நாரை 320 தாளால் எடுத்துவிட்டால், கழுவும்போது மத்து சொரசொரக்காது.

முனைக் கழிவை 10 மி.மீ. தண்டாக மெலித்து, எந்திரத்தை நிறுத்திக் கைவாளால் அறுங்கள். தலையின் அடி சற்றே குவிந்திருந்தால் சட்டியின் வளைவில் பொருந்தும். அடியில் சிலுவைபோல இரு காடிகள், 8 மி.மீ. ஆழம். அகலம் 3 மி.மீ.க்குக் குறையவே கூடாது. இங்கே ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டுக்கும் மேல். தூரிகை நுழையாத காடியில் பூசணம் பிடித்துவிடும்.

உணவுத்தர மினரல் ஆயிலை மூன்று முறை தடவுங்கள். தலையின் அடிப்பக்கம் அதிகம் குடிக்கும், குடிக்கும்வரை கொடுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்துக் காறல் வாடை அடிக்கும். கழுவியபின் குவளையில் செருகி வைக்காமல், காற்றுபடத் தொங்கவிடுங்கள்.