பிக்கப் இழுவை குறைந்தால் முதலில் சக்கரத்தின் சூட்டைப் பாருங்கள்

லோடு பிக்கப் வண்டியின் இழுவை குறைந்து டீசலும் கூடுதலாகக் குடித்தால், இஞ்சினில் கை வைக்கும் முன் பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். கடைசியில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல், உருண்டு வந்து நிற்கும்படி நிறுத்துங்கள். இறங்கியதும் ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், தோல் வெந்துவிடும். ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால் கோளாறு அங்கேதான்.

பிரேக் முழுதாக விடாமல் உரசிக்கொண்டே இருந்தால், அந்த உராய்வு சூடாக மாறும். பின் சக்கரம் என்றால் பெரும்பாலும் துருப்பிடித்த ஹேண்ட்பிரேக் கேபிள் அல்லது பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர். முன்னால் என்றால், பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான ஊசி (pin) காய்ந்து பிடித்திருக்கும். ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றினால் இறுக்கம் தெரியும். தூக்கும் முன் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். சுற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். இடத்தைக் காட்டிவிட்டால் மெக்கானிக் நாலு சக்கரத்தையும் கழற்ற வேண்டியதில்லை, கூலி மிச்சம்.

இடதையும் வலதையும்தான் ஒப்பிட வேண்டும். முன் சக்கரத்தின் பிரேக் தட்டான டிஸ்க், பின் சக்கரத்தின் பிரேக் உருளையான டிரம்மைவிடப் பொதுவாகச் சூடாக இருக்கும். மலைப்பாதையில் இறங்கி வந்த உடனே இந்தச் சோதனை பயன்படாது, எல்லாச் சக்கரமும் கொதிக்கும். அப்புறம், சூடு தணியட்டும் என்று தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், டிரம் விரிசல் விடலாம்.