தேவசித்தம் அறிய: வசனம் குலுக்கிப் பார்க்காதீர்கள்

துபாயில் வேலை கிடைத்திருக்கிறது, போகலாமா? அது தேவசித்தமா, அதாவது தேவன் விரும்புவதா? கண்ணை மூடி வேதத்தை (பைபிளை) திறந்து விரல் பட்ட வசனத்தையோ, குலுக்கி எடுத்த வாக்குத்தத்த (வாக்குறுதி வசன) அட்டையையோ பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மனம் ஏற்கெனவே விரும்பியதையே அதில் வாசித்துவிடும். இஸ்ரவேலின் தலைவன் கிதியோன் மயிருள்ள தோலைத் தரையில் போட்டு தேவனிடம் அடையாளம் கேட்டுப் பார்க்கவில்லையா என்பார்கள். வேதத்தில் நியாயாதிபதிகள் புத்தகத்தின் 6-ஆம் அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள். 14-ஆம் வசனத்திலேயே 'போ' என்ற கட்டளை வந்துவிட்டது. தோலைப் போட்டது அதற்குப் பிறகுதான்.

முதலில், வேதம் நேரடியாகச் சொன்னது எது என்று பாருங்கள். பொய்ச் சான்றிதழ் கொடுத்தால்தான் வேலை என்றால் ஜெபித்துக் கேட்க அதில் ஒன்றுமில்லை.

அது சரியாக இருந்தால் 7 நாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் 'போனால்', 'போகாவிட்டால்' என இரண்டு பத்தி. காலை ஜெபம் முடிந்ததும் மனதில் பட்டதைத் தேதியோடு எழுதுங்கள். கடன், பிள்ளைகளின் படிப்பு, அங்கே ஆராதனைக்குப் போக வழி, எல்லாம் அதில் வரட்டும். கணவனும் மனைவியும் தனித்தனியாக எழுதிக் கடைசி நாளில் ஒப்பிடுவது நல்லது.

பிறகு இரண்டு பேரிடம் ஆலோசனை: அங்கே வேலை பார்த்த ஒரு விசுவாசி, உங்களை மறுத்துப் பேசத் தயங்காத ஒரு சபை மூப்பர். உங்கள் விருப்பத்தை முதலில் சொல்லிவிடாதீர்கள், அதையே திருப்பிச் சொல்வார்கள்.

'சமாதானமாக இருக்கிறது' என்பது மட்டும் போதாது. தேவனைவிட்டு ஓடிய யோனாவும் கப்பலில் அயர்ந்துதான் தூங்கினான். சண்டை போட்ட இரவிலும் முடிவெடுக்காதீர்கள்.