மழைநீர் இறைக்கும் டிராக்டர் பம்பு திணறினால்

ஐப்பசி பிறந்தால் எங்கள் வியாசர்பாடிப் பக்கம் டிராக்டர்கள் வந்து இறங்கிவிடும். பொன்னேரியிலும் மீஞ்சூரிலும் சேற்றை உழுத வண்டிகள், பின்னால் பம்பை மாட்டிக்கொண்டு புளியந்தோப்பு, பட்டாளம், கொருக்குப்பேட்டை என்று தெருமுனைதோறும் நிற்கும். மழை வலுத்து, முழங்கால் அளவு தண்ணீர் சேர்ந்த பிறகுதான் ஏதாவது ஒன்று திணறும். ஓட்டுநர் உடனே ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் இழுத்து வைப்பார். பெரும்பாலும் அதுதான் தவறான வைத்தியம்.

ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் கொஞ்சம் நின்று கேளுங்கள். எஞ்சினே தளர்கிறதா? எஞ்சின் சீராக ஓடியும், பின்னாலிருக்கும் பம்பைச் சுழற்றும் ஷாஃப்ட் மட்டும் தளர்கிறதா? இரண்டும் நன்றாகச் சுற்றியும் தண்ணீர் வரவில்லையா? தெருவில் நிற்பவர்களுக்கு மூன்றுமே ‘பம்பு இழுக்கவில்லை’ என்றுதான் தெரியும். சரிசெய்கிறவனுக்கு மூன்றும் வேறு வேறு வேலை.

இன்னொன்று. பி.டி.ஓ. என்று சொல்லும் இந்த ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது சுற்று சுற்றுகிறது. லுங்கி நுனியோ தோள் துண்டோ சிக்கினால் கையை இழுக்கக்கூட நேரம் இருக்காது. எஞ்சினை நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பிறகு குனியுங்கள். ஷாஃப்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி வீசிவிட்டு வரும் வண்டியை நான் தொடுவதே இல்லை.

அதிகமாக வருவது தண்ணீர் வராத கோளாறுதான். எஞ்சின் சத்தம் இலேசாகி, தண்ணீரை வெளியே விடும் டெலிவரி குழாய் சப்பையாகக் கிடந்தால், பம்பு காற்றைக் குடிக்கிறது அல்லது சல்லடை அடைத்திருக்கிறது. சக்‌ஷன் குழாயின், அதாவது தண்ணீரை உறிஞ்சும் குழாயின், வாயைத் தூக்கிப் பாருங்கள். பால் பாக்கெட்டைக் கத்தரிக்கும்போது விழுமே ஒரு முக்கோணத் துண்டு, அது சல்லடையின் ஒவ்வொரு ஓட்டையிலும் பொட்டு வைத்ததுபோல் ஒட்டியிருக்கும். கேரிபேக்கைக் கையால் அள்ளிவிடலாம், இந்தத் துண்டுகளை நகத்தால் ஒவ்வொன்றாகத்தான் பெயர்க்க வேண்டும். ஓட்டேரி நல்லா கால்வாய் ஓரமாக என்றால் ஆகாயத்தாமரை வேரும் சேர்ந்துகொள்ளும். சல்லடையை ஒரு காய்கறிக் கிரேட்டுக்குள் இறக்கிக் கட்டிவிட்டால் பாதித் தொல்லை வெளியிலேயே நின்றுவிடும்.

சல்லடை சுத்தமாக இருந்தும் தண்ணீர் வரவில்லை என்றால், குழாய் வாய்க்கு மேலே சுழி விழுகிறதா என்று பாருங்கள். தண்ணீர் வற்ற வற்றச் சுழி விழும், அதன் வழியே காற்று இறங்கும். மேலே ஒரு மரப்பலகையை மிதக்க விட்டால் போதும். சுழியும் இல்லையா? இணைப்புக் கிளிப்புகளில் ஈரக் களிமண்ணை அப்பிப் பாருங்கள். களிமண் உள்ளே உறிஞ்சப்படும் இடம்தான் ஓட்டை. அடுத்தது ஃபுட் வால்வு, உறிஞ்சும் குழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வு. அதன் வாயில் ஒரு சிறு கல் சிக்கினாலும் பம்பைத் தொடங்க ஊற்றிய தண்ணீர் நிற்காது.

உயரத்தையும் மறக்க வேண்டாம். காற்றழுத்தம் தண்ணீரை 10.3 மீட்டருக்கு மேல் தூக்காது. நடைமுறையில் ஆறு, ஏழு மீட்டர் கிடைத்தாலே பெரிது. கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற பள்ளத்தில் இறைக்கும்போது, வண்டியை மேட்டில் பத்திரமாக நிறுத்திவிட்டு நீளமாகக் குழாய் விட்டால் பம்பு கூழாங்கல் அரைப்பதுபோல் சத்தம் போடும். தண்ணீர் விளிம்புக்கு எவ்வளவு அருகில் நிறுத்த முடியுமோ அவ்வளவு அருகில் நிறுத்துங்கள்.

இனி எஞ்சினே தளரும் கோளாறு. கரும்புகையோடு தளர்ந்தால் ஒன்று சுமை அதிகம், இல்லாவிட்டால் காற்று போதவில்லை. எண்ணெய்த் தொட்டி வைத்த ஏர் கிளீனராக இருந்தால் கழற்றிப் பாருங்கள். மழையில் நின்ற வண்டியில் எண்ணெய் பால் நிறமாக மாறியிருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது, மாற்றிவிடுங்கள். புகை இல்லாமல் விட்டு விட்டு ஓடினால் டீசலில் தண்ணீரோ காற்றோ இருக்கிறது. கொட்டும் மழையில் கேனிலிருந்து ஊற்றினால் வேறென்ன ஆகும்? ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடித்துவிட்டு, குமிழி நிற்கும்வரை டீசல் ஏற்றும் கைப்பம்பை அழுத்துங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் எஞ்சின் திணறுகிறது என்றால், பலரும் நம்ப மறுக்கும் காரணம் ஒன்று உண்டு. சக்கரம் சுழன்று தண்ணீரை வெளியே வீசும் வழக்கமான சென்ட்ரிஃபியூகல் பம்பில், தண்ணீர் சுலபமாக வெளியேறினால் சுமை கூடும். டெலிவரி குழாயைப் பக்கத்திலுள்ள கால்வாயிலேயே தாழ்வாக விட்டால் தடையே இல்லை, பம்பு தன் அளவுக்கு மீறித் தண்ணீரைத் தள்ளும், எஞ்சின் மூச்சு வாங்கும். டெலிவரி வால்வைக் கொஞ்சம் மூடுங்கள், எஞ்சின் நிமிர்வது காதுக்கே கேட்கும். வால்வு இல்லையென்றால் ஆக்சிலேட்டரைக் குறையுங்கள். வேகத்தில் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் சுமை ஏறத்தாழ 27 சதவீதம் குறைந்துவிடும். தூக்கும் உயரம் அதிகமில்லாத இடத்தில் தண்ணீரும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் குறையும். ஆக்சிலேட்டரை ஏற்றினால் இதே கணக்கு திரும்பி அடிக்கும். அதனால்தான் முழு வேகத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. பெரும்பாலான டிராக்டர்களின் மீட்டரில் 540 குறி இருக்கிறது. முள் அதைத் தாண்ட வேண்டிய தேவையே இல்லை.

எஞ்சின் சீராக ஓடி ஷாஃப்ட் மட்டும் தளர்ந்தால் கிளட்ச் வழுக்குகிறது. கருகல் வாடை வரும். பெடலின் விளையாட்டை, அதாவது கிளட்ச் பிடிக்கும் முன் பெடல் சும்மா இறங்கும் அளவை, சரிசெய்து பாருங்கள். தட்டில் எண்ணெய் ஏறியிருந்தால் பிரிக்காமல் தீராது, அது தெருவில் செய்யும் வேலையும் இல்லை. ஷாஃப்ட் தடதடவென்று அதிர்ந்தால் பம்பின் உயரத்தை மாற்றி, ஷாஃப்டை முடிந்தவரை நேராக்குங்கள். கழற்றி மாட்டும்போது ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள கவடுபோன்ற பிடிகள் இரண்டும் ஒரே நேரில் இருக்க வேண்டும்.

சில நாள் இவை எல்லாம் சரியாக இருந்தும் தெருவில் தண்ணீர் குறையாது. கடல் ஏற்றத்தின்போது பக்கிங்ஹாம் கால்வாய் தளும்பி நிற்கும், நீங்கள் தள்ளும் தண்ணீர் வடிகால் வழியே அதே தெருவுக்குத் திரும்பி வரும். டெலிவரி முனையை வேறு வடிகாலுக்கு மாற்றுங்கள். வேறு வடிகால் இல்லையென்றால் எஞ்சினை நிறுத்திவிட்டு, கடல் வாங்கும்வரை காத்திருங்கள். அந்த நேரத்தில் ஷாஃப்ட் மூட்டுகளிலுள்ள கிராஸ்களுக்குக் கிரீஸ் அடித்துவிடலாம்.