டோஸ் மென்பொருள் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் பாளையங்கோட்டை ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் எழுதிய புரோகிராமைப் பார்த்தேன். சிடி ஸ்கேன், எக்ஸ்ரே மெஷின்கள் சொல்லும் கதிர்வீச்சு அளவை, அதாவது டோஸை, சேர்த்துவைத்துக் காட்டும் மென்பொருள். நான் பல வருஷம் முன்னால் செய்த அதே தவறு, அதே இடத்தில். பேக்கப், பாஸ்வேர்டு பற்றியெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அதை விடுகிறேன்.

பாண்டம் எது என்று பார்க்காமல் எண்ணை எடுப்பது

சிடி மெஷின் காட்டும் சிடிடிஐவால் (CTDIvol) என்கிற டோஸ் எண், நோயாளி உடம்பில் இறங்கிய டோஸ் இல்லை. பாண்டம் என்கிற அக்ரிலிக் உருளையை வைத்துச் சொல்லும் அளவு அது. தலைக்கு 16 செ.மீ. விட்டம், உடம்புக்கு 32 செ.மீ. கதிர் ஒன்றேயானாலும் 16-ஐ வைத்துச் சொன்னால் எண் ஏறத்தாழ இரண்டு மடங்கு வரும். குழந்தையின் வயிற்றை ஸ்கேன் செய்யும்போதுதான் வம்பு. சில மெஷின் 16-ஐ எடுத்துக்கொள்ளும், சில 32-ஐ.

ஒரு ஆஸ்பத்திரியில் பழைய மெஷின் 32, புதியது 16. இரண்டையும் நான் ஒரே வரைபடத்தில் போட்டுவிட்டேன். பழையதில் 5 மில்லிகிரே (டோஸின் அலகு), புதியதில் 10. டாக்டர் பதறிப்போய்ச் சொல்ல, டெக்னீஷியன் புதிய மெஷினில் டியூப் கரண்டை, அதாவது கதிரின் அளவைத் தீர்மானிக்கும் மின்னோட்டத்தை, பாதியாக்கினார். அடுத்து அம்பாசமுத்திரம் பக்கத்துப் பையன் ஒருவன், நாலு வயசு இருக்கும். அவன் வெள்ளி அரைஞாணை அவிழ்த்து அம்மா கைக்குள் மூடி வைத்துக்கொண்டு வெளியே நின்றார். படம் முழுக்க மணல் தூவினதுபோலப் புள்ளி. ஒன்றும் தெரியவில்லை. அவனைத் திரும்பவும் படுக்க வைத்தார்கள். டோஸைக் குறைக்க எழுதின மென்பொருளால் ஒரு குழந்தைக்கு இரண்டாவது ஸ்கேன்.

மெஷின் மறைக்கவில்லை என்பதுதான் இன்றைக்கும் எரிச்சல். டைகாம் (மருத்துவப் படங்களுக்கான பொதுத் தரம்) டோஸ் அறிக்கையில் 113835 என்ற குறியீட்டில் பாண்டம் வகை இருக்கிறது. மதிப்பு 113690 என்றால் தலை, 113691 என்றால் உடம்பு. அந்த வரியை நான் வாசிக்காமல் தாண்டிவிட்டேன்.

எண்ணையும் பாண்டத்தையும் சேர்த்தே சேமியுங்கள். பாண்டம் வேறானால் சராசரி எடுக்க விடாதீர்கள். சிடிடிஐவாலை ஸ்கேன் நீளத்தால் பெருக்கி வரும் டிஎல்பிக்கும் இதே கதைதான். பழைய மெஷினில் அந்த விவரம் இல்லையா, சரி, ‘தெரியாது’ என்றே போடுங்கள். ஊகித்து 32 போட வேண்டாம். உடம்பின் பருமனுக்குத் திருத்த அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கமான ஏஏபிஎம் 2011-இல் தந்த 204-ஆம் அறிக்கையிலும் அட்டவணைகள் பாண்டத்துக்குத் தனித்தனி.

20 மில்லிசீவர்ட் தாண்டினால் சிவப்பு விளக்கு

அது கதிர்வீச்சில் வேலை பார்ப்பவர்களுக்கான வருஷ டோஸ் வரம்பு. நோயாளிக்கு அப்படி வரம்பே கிடையாது. எடுத்துவிடுங்கள்.

டிஆர்எல்லை ஒரே நோயாளியோடு ஒப்பிடுவது

கூடாது. டிஆர்எல் என்பது ஒரு வகை ஸ்கேனுக்கு வைத்திருக்கும் ஒப்பீட்டு டோஸ் அளவு; அதைப் பல நோயாளிகளின் நடுமதிப்போடுதான் ஒப்பிட வேண்டும்.

பெயரை வைத்து ஆளைச் சேர்ப்பது

நம்ம ஊரில் ஒரே காலையில் மூன்று சுடலைமுத்து வருவார்கள். இசக்கியம்மாள் அடுத்த கவுண்டரில் எசக்கியம்மாள் ஆவார். இனிஷியல் ஒரு தடவை முன்னால், ஒரு தடவை பின்னால். பிறந்த தேதி தெரியாத ஆச்சிகளுக்கெல்லாம் ஜனவரி 1. மூன்று ஸ்கேன் எடுத்த ஒருவர் மூன்று ஆளாகிவிடுவார். அதைவிட மோசம், இரண்டு பேர் ஒருவராவது. மென்பொருள் தானாகச் சேர்க்கக் கூடாது. சந்தேகத்தைக் காட்டட்டும், ரெக்கார்ட்ஸில் இருப்பவர் நோயாளியிடம் கேட்டு முடிவு செய்யட்டும்.

டிஏபி அலகு

டிஏபி என்பது டோஸைக் கதிர் படும் பரப்பால் பெருக்கிய அளவு. கேத்லாபில் (இதய ரத்தக்குழாய்களைப் பார்க்கும் எக்ஸ்ரே அறை) ஒரு மெஷின் கிரே சதுர செ.மீ. காட்டும், இன்னொன்று மைக்ரோகிரே சதுர மீட்டர். 100 மடங்கு வித்தியாசம். எண்ணுக்குப் பக்கத்திலேயே அலகும் இருக்கிறது, அதையும் வாசியுங்கள்.