நாளாகியும் விற்காத வீடு: விலையைக் குறைக்கும் முன் செய்ய வேண்டியவை

வீடு நாள்பட்டும் விற்கவில்லை என்றால் எல்லாரும் சொல்வது "விலையைக் குறைங்க" என்பதுதான். அப்பாவின் பழைய வீட்டை விற்க அலைந்தபோது நாங்களும் அதையேதான் கேட்டோம். சில நேரம் அது சரியான யோசனைதான். ஆனால் வாங்க வருகிறவர் எந்த இடத்தில் பின்வாங்குகிறார் என்று தெரியாமல் குறைத்தால் பணமும் போகும், வீடும் அப்படியே நிற்கும். விளம்பரம் கொடுப்பது, பத்திரங்களை எடுத்து வைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை.

1. எங்கே நின்றுபோகிறது?

விளம்பரத்தைப் பார்த்தவர்கள், போன் செய்தவர்கள், நேரில் வந்தவர்கள் என்று வாரா வாரம் எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள். பார்ப்பவர்களே குறைவென்றால் விளம்பரம் ஆட்களிடம் போய்ச் சேரவில்லை. பார்க்கிறார்கள், போன் மட்டும் வரவில்லை என்றால் படமோ விலையோ காரணம். போன் செய்தவர்கள் வராமல் போனால், போனில் என்ன சொல்லப்படுகிறது என்று விசாரியுங்கள். வந்து பார்த்துவிட்டு ஓசையில்லாமல் போய்விடுகிறார்களா? அப்போது கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது.

இதற்கு நோட்டுப் புத்தகத்தைவிட கூகுள் ஷீட்ஸ்தான் மேல். தரகரும் கூடப் பிறந்தவர்களும் ஒரே தாளைப் பார்ப்பதால் வீண் வாக்குவாதம் குறையும்.

2. விலை

பக்கத்து வீட்டுக்காரர் கேட்கும் விலையை ஆதாரமாக எடுக்காதீர்கள். அவர் வீடும் விற்காமல்தானே நிற்கிறது! சமீபத்தில் கைமாறிய, ஏறக்குறைய அதே அளவுள்ள வீடுகள் என்ன விலைக்குப் போயின என்று கேளுங்கள். ஒப்பிடும்போது பரப்பைக் கவனியுங்கள். ஒருவர் சுவர்களையும் சேர்த்துச் சொல்வார், இன்னொருவர் உள்ளே புழங்கும் தரையை மட்டும் சொல்வார்.

இணையத்தில் வீடு தேடுபவர்கள் பெரும்பாலும் ரவுண்டான ஒரு தொகையை உச்சவரம்பாக வைத்துத் தேடுகிறார்கள். உங்கள் விலை அதற்குக் கொஞ்சம் மேலே இருந்தால் அவர்கள் கண்ணிலேயே படாது. சரியாக அந்தத் தொகையில் வைத்தால், அதுவரை தேடுபவருக்கும் தெரியும், அதிலிருந்து மேலே தேடுபவருக்கும் தெரியும். குறைப்பதென்றால் ஒரே தடவையில் அந்த வரம்புக்குக் கொண்டு வாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால், இன்னும் குறையும் என்று ஆட்கள் காத்திருப்பார்கள்.

3. ஓதம்: எங்களை நிறுத்தி வைத்த இடம்

எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். பின் அறைக்குப் போனதும் பேச்சு குறைந்துவிடும். சுவரின் அடிப்பகுதியில் பெயின்ட் உப்பி, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பெயின்ட் அடித்துவிடலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் வரும் வழி அடைபடாமல் பெயின்ட் அடித்தால் உப்பு மறுபடி தள்ளிக்கொண்டு வரும். நாலு சுவரில் ஒன்று மட்டும் புதிதாக மின்னினால் சந்தேகமும் கூடும்.

முதலில் ஒரு சோதனை. சுவரைத் துடைத்து உலரவிட்டு, ஒரு முழம் சதுரத்துக்கு அலுமினியத் தாளை வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், எக்ஸாஸ்ட் பேன் போடுங்கள்.

எங்களுக்குச் சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. அங்கே குழாய் இணைப்பில் கசிவு.

கசிவை அடைத்த கையோடு பெயின்ட் அடிக்காதீர்கள். சுவர் உலர வாரக்கணக்கில், தடித்த சுவரென்றால் மாதக்கணக்கில்கூட ஆகும். உப்பைக் காய்ந்த பிரஷால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் அது கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். இளகிய பூச்சைச் சுரண்டிப் புதிதாகப் பூசி, அதுவும் காய்ந்த பிறகுதான் பெயின்ட்.

சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் பிளம்பர் ரசீதையும் வருகிறவர்களிடம் நீங்களே காட்டுங்கள். அவர்கள் குடியிருக்கப் போகும் வீடு, அவர்களுக்குத் தெரியத்தான் வேண்டும். காட்டத் தொடங்கிய பிறகுதான் எங்களிடம் பேரமே ஆரம்பித்தது.

அப்புறம், வாடை. அங்கேயே இருப்பவர் மூக்குக்கு அது தெரியாது. வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். ரூம் ஸ்ப்ரே வேண்டாம், எதையோ மறைப்பதுபோல் இருக்கும்.

4. புதுப் படங்கள்

பழைய படங்களை எல்லாம் நீக்குங்கள். போனில் 0.5 லென்ஸைத் தொடாதீர்கள். அறை பெரிதாகத் தெரியும், ஆனால் ஓரங்கள் இழுபடும், நேரில் வருகிறவர் ஏமாந்துபோவார். 1x போதும். அறை மூலையில் நின்று, நெஞ்சு உயரத்தில் போனைச் சாய்க்காமல் பிடித்துப் பகலில் எடுங்கள். மஞ்சள் பல்பும் வெள்ளை பல்பும் ஒரே அறையில் கலந்திருந்தால் சுவர் திட்டுத்திட்டாக விழும், ஒரே நிறமாக மாற்றிவிடுங்கள்.

பின்சேர்க்கை

"எல்லாம் செய்தும் போன் வரவில்லை" என்று ஒருவர் கமென்ட்டில் எழுதியிருந்தார். தேடிப் பார்த்தால், அவர் வீட்டை மூன்று தரகர்கள் மூன்று விலையில், வேறு வேறு பரப்பளவில் போட்டிருந்தார்கள். ஒரே படம், மூன்று விலை என்றால் யார் நம்புவார்கள்? உங்கள் வீட்டுப் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். மற்ற விளம்பரங்களை எடுக்கச் சொல்லிவிட்டு, ஒரே தரகரிடம் காலக்கெடு வைத்து எழுத்தில் ஒப்படையுங்கள்.

வாடகைக்கு ஆள் இருக்கும் வீடு பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவர்களோடு பேசி வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம் என்று முடிவு செய்து, பார்க்க வருகிற எல்லாரையும் அந்த நேரத்துக்கே வரச் சொல்லுங்கள்.