மணப்பாட்டில் ஒதுங்கிய திமிங்கலங்களும் கடல் காற்றாலைகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1973 ஜனவரி 14 அன்று, தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள மணப்பாடு கடற்கரையில் 147 பைலட் திமிங்கலங்கள் கரையொதுங்கின. 43 ஆண்டுகள் கழித்து, 2016 ஜனவரியில், அதே கரையோரத்தில் ஏறத்தாழ 80 திமிங்கலங்கள் மீண்டும் ஒதுங்கின. மீனவர்கள் அவற்றைக் கயிறு கட்டிப் படகில் இழுத்துக்கொண்டு போய் ஆழத்தில் விட்டார்கள். விட்டவற்றில் சில திரும்பவும் கரைக்கே வந்தன. இரண்டு முறையும் அந்தக் கடலில் ஒரு காற்றாலைகூடக் கிடையாது.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. குஜராத், தமிழகக் கடல்களில் தலா 500 மெகாவாட் காற்றாலைகள் நிறுவ நிதியுதவி வழங்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. தமிழகத்தில் இதற்காகப் பார்க்கப்படுவது மன்னார் வளைகுடாக் கடல். அங்கே காற்றாலைகள் எழுந்த பிறகு மணப்பாட்டில் மறுபடி திமிங்கலம் ஒதுங்கினால், மறுநாளே பழி அவற்றின் மேல் விழும். ஒன்றையடுத்து இன்னொன்று நடந்தது என்பதற்காக இதனால்தான் அது என்று முடிவுகட்டுவது பெருந்தவறு. அமெரிக்காவில் அப்படித்தான் நடந்தது. 2022-23 குளிர்காலத்தில் நியூ ஜெர்சி, நியூயார்க் கரைகளில் கூனல்முதுகுத் திமிங்கலங்கள் இறந்து ஒதுங்கியபோது காற்றாலை ஆய்வுக் கப்பல்களே காரணம் என்று பெரும் கூச்சல் எழுந்தது. ஆனால் அந்தக் கிழக்குக் கரை முழுவதும் இறப்புகள் 2016 ஜனவரியிலிருந்தே வழக்கத்தைவிட அதிகமாக இருந்தன. பரிசோதிக்கப்பட்ட உடல்களில் சுமார் 40 சதவீதத்தில் கப்பல் மோதிய காயமோ வலைக்கயிறு அறுத்த தடமோ இருந்தது. பழியைத் தவறான இடத்தில் சுமத்தினால், கப்பலின் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பேச்சு அடிபட்டுப்போகும். நட்டம் திமிங்கலத்துக்குத்தான்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. என்னை அதிகம் கவலைப்படுத்துவது அதுதான். 'காற்று மின்சாரம் தூய்மையானது, கடலுக்கு அதனால் என்ன கேடு வந்துவிடும்?' என்று கேட்பவர்கள், சுழலும் இறக்கையை மட்டும் பார்க்கிறார்கள். காற்றாலை ஓடும்போது எழும் ஒலி பெரிதல்ல. அதை நட்டு நிறுத்தும் நாட்கள்தான் கொடியவை. பல மீட்டர் குறுக்களவுள்ள எஃகுக் குழாயைக் கடலடி மண்ணில் நிறுத்தி, ஹைட்ராலிக் சம்மட்டியால் அடித்து இறக்குவார்கள். ஒரு குழாய்க்கே சில மணி நேரம், ஆயிரக்கணக்கான அடிகள். ஒவ்வொரு அடியும் நீரிலும் மண்ணிலும் பரவும். 2008இல் டென்மார்க்கின் ஹார்ன்ஸ் ரெவ் கடற்பகுதியில் இரண்டாவது காற்றாலைத் தொகுதியை நட்டபோது, கடற்பன்றி எனப்படும் சிறு திமிங்கல இனம் ஏறக்குறைய 18 கிலோமீட்டர் தொலைவு வரை இடத்தைவிட்டு விலகிப் போனது பதிவாகியிருக்கிறது. அருகில் இருந்தவை திரும்பி வர ஒரு நாளுக்கும் மேல் ஆனது. ஒலியைக் கொண்டே இரை தேடும் விலங்குக்கு அது பட்டினி கிடந்த நாள்.

ஒலியைப் பற்றிப் பேசும்போது எண்ணில் சறுக்குபவர்கள் ஏராளம். நீரில் அளந்த 160 டெசிபலை ஜெட் விமானத்தின் இரைச்சலோடு ஒப்பிட்டு எழுதுகிறார்கள். நீருக்கும் காற்றுக்கும் அளவுகோலின் தொடக்கப்புள்ளியே வேறு. ஒலி கொண்டு செல்லும் ஆற்றலை ஒப்பிட வேண்டுமானால் நீரின் எண்ணிலிருந்து சுமார் 62ஐக் கழிக்க வேண்டும். 'பத்து டெசிபல்தானே குறைந்தது' என்று அலட்சியமாகச் சொல்வதும் பிழையே. பத்து குறைந்தால் ஒலியாற்றல் பத்தில் ஒரு பங்காகிறது. ஜெர்மனி, அடிக்கும் இடத்திலிருந்து 750 மீட்டரில் ஓர் அடியின் ஒலி 160 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. அதற்குள் அடங்க அவர்கள் செய்யும் வேலை பார்க்கத் தக்கது: துளையிட்ட குழாயைக் கடலடியில் வட்டமாகக் கிடத்தி, கப்பலிலிருந்து காற்றைச் செலுத்துகிறார்கள். அடியிலிருந்து மேல்மட்டம் வரை நுரைத்துக்கொண்டு ஒரு குமிழித் திரை எழும்புகிறது. ஒலி அதில் மோதிச் சிதறி வலுவிழக்கிறது.

அந்தத் திரையை அப்படியே இங்கே இறக்குமதி செய்தால் போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. குமிழித் திரை உயர் அதிர்வெண் ஒலியை நன்றாகத் தடுக்கும். தாழ் அதிர்வெண் ஒலியை அந்த அளவுக்குத் தடுக்காது. கடற்பன்றி கேட்பது உயர் ஒலி. பெருந்திமிங்கலங்களும் ஆமைகளும் கேட்பது தாழ் ஒலி. எந்த விலங்குக்காக என்று கேட்காமல் செய்யும் பாதுகாப்பு, காகிதத்தில் மட்டுமே பாதுகாப்பு.

நாட்காட்டியையும் கடன் வாங்க முடியாது. அமெரிக்காவின் வைன்யார்ட் விண்ட் கடல் காற்றாலைத் திட்டத்தில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை குழாய் அடிக்கத் தடை விதித்தார்கள். உலகில் 400க்கும் குறைவாகவே எஞ்சிய வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலங்கள் அந்தக் கடலுக்கு வரும் காலம் அது. நம் தென்கோடியில் தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கொந்தளிக்க வைக்கும். அதன் பின் வடகிழக்குப் பருவமழை. கட்டுமானக் கப்பலுக்கு அமைதியான கடல் கிடைப்பது தை பிறந்த பிறகுதான். பங்குனி ஆமைகள் தமிழகக் கரைக்கு முட்டையிட வருவதும் அதே ஜனவரி முதல் ஏப்ரல் வரை. ஒப்பந்ததாரருக்கு வசதியான மாதங்களும் ஆமைக்கு உயிரான மாதங்களும் ஒன்றாக விழுகின்றன. இந்த முடிச்சை இங்கே உட்கார்ந்துதான் அவிழ்க்க வேண்டும்.

கப்பல் தளத்தில் தொலைநோக்கியோடு நிற்பவர் ஒன்றும் காணவில்லை என்பதால் கடலில் ஒன்றும் இல்லை என்று எழுதிவிடவும் கூடாது. மூழ்கிய திமிங்கலம் கண்ணுக்குத் தெரியாது. இரவில் எதுவும் தெரியாது. நீருக்கடி ஒலிவாங்கியும் சேர்ந்தால்தான் அந்தக் கண்காணிப்புக்குப் பொருள் உண்டு.

கடைசியாக, பலரும் பார்க்கத் தவறும் இடம். காற்றாலை ஆழத்தில் நிற்கும். அதன் கேபிளோ கரைக்கு வந்தாக வேண்டும். வரும் வழியில் இருப்பது ஆழமற்ற கடற்புல் படுகை. ஆவுளியா எனப்படும் கடற்பசுவின் மேய்ச்சல் நிலம் அதுதான். ஆவுளியா மேய்ந்த இடத்தில் ஏர் ஓட்டிய சால்போல மணலில் தடம் கிடக்கும். புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும் விலங்கு அது. 13 மாதங்களுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும், அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகும். பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் அதற்கென்று ஒதுக்கினோம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றியும் அதே புல் வளர்கிறது. கேபிளுக்குப் பள்ளம் தோண்டும்போது கிளம்பும் சேறு புல்லின் மேல் படிந்தால் வெயில் அதற்கு எட்டாது. எனவே திட்ட வரைபடம் கைக்கு வந்தால் காற்றாலைப் புள்ளிகளை மட்டும் எண்ணாதீர்கள். அவற்றிலிருந்து கரைக்கு வரும் கோட்டை விரலால் தொடர்ந்து, அது எந்தப் புல்வெளியைக் குறுக்கே வெட்டுகிறது என்று பாருங்கள்.